புத்தகத்தில எங்கட ஊர் எங்க? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல கனக்க பள்ளிக்கூடம் பத்தினது, அதால மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதுக்கே பக்கத்தைக் குடுக்கிறன். கேட்ட ஆக்கள்ட பேர் போடேல்லை, ஊர் மட்டும்தான்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. வரலாறு பாடமாக்கிக்கொண்டு இருந்தவள் திடீரெண்டு "அம்மா, எங்கட ஊர்ல ஒண்டுமே நடக்கேல்லையா, எல்லாம் அனுராதபுரம் பொலனறுவை எண்டே இருக்கு" எண்டு கேட்டாள். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. — ஒரு அம்மா, உப்புவெளி

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்வியை "அது சோதினைக்கு வராது, நீ படி" எண்டு சொல்லி மட்டும் மூடிப்போடாதீங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்பிடி ஒண்டு தோணுதெண்டா அவள் புத்தகத்தை மனசால வாசிக்கிறாள் எண்டுதான் அர்த்தம்.

முதல்ல அவளுக்குச் சொல்ல வேண்டியது, புத்தகம் வானத்தில இருந்து விழுந்ததில்லை எண்டது. பாடத்திட்டம் போடுறது மகரகமவில இருக்கிற தேசிய கல்வி நிறுவகம், 1985ல சட்டம் போட்டு உண்டாக்கினது, புத்தகம் அடிக்கிறது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பெரும்பாலும் சிங்களத்தில எழுதி பிறகு தமிழுக்கு மாத்திறதுதான் நடக்குது, அந்த மேசையில உக்காந்து எதைப் போடுறது எதை விடுறது எண்டு தீர்மானிக்கிற ஆக்கள்ல கிழக்கில இருந்து போறவங்க குறைவு. வரலாறு எண்ட பாடமே ஒரே மாதிரி இருக்கேல்லை. 1972 சீர்திருத்தத்தில அதைப் புவியியல், குடியியலோட சேத்து சமூகக்கல்வி எண்டு ஆக்கினாங்க, 2000க்குப் பிறகு திரும்பவும் தனிப்பாடமா எடுத்து ஓ.எல் எண்ட சாதாரண தரச் சோதினைக்குக் கட்டாயமாக்கினாங்க. அரசாங்கம் மாற மாற, நாடு எண்டா என்ன எண்டு அவங்க நினைக்கிறதும் மாறுது, அந்த நினைப்புத்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளையின்ட பையுக்குள்ளயும் வந்து இருக்குது. இப்ப இருக்கிற புத்தகம் குளம் கட்டின இராசதானியளைச் சுத்தி ஒரு அரசின்ட கதையா எழுதின ஒண்டு, அதில தமிழ் ஆக்கள் அநேகமா வாறது படையெடுப்பு வாற இடத்திலதான். அதை வாசிக்கிற தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை தன்னை எங்க வைக்கிறதெண்டு தெரியாம மார்க்ஸுக்காக மட்டும் பாடமாக்குது. எனக்கு இது பெரிய கவலை, படிப்பிச்ச காலம் முழுக்க இருந்த கவலை.

ஆனா கவலையோட நிக்கத் தேவையில்லை. அந்தப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின்ட முதல் பாடமே வரலாற்று மூலாதாரங்கள் பத்தினது, இலக்கியம், கல்வெட்டு, தொல்பொருள் எண்டு. மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் கோணேஸ்வரத்துக்குப் போங்க, போற வழியில திருகோணமலைக் கோட்டை வாசல்ல நில்லுங்க. அந்த வாசல் கல்லில தமிழ் எழுத்தும் ரெட்டை மீனும் வெட்டி இருக்கு, எத்தினை வருசமா அதால போய் வந்தாலும் நிமிந்து பாக்காத சனம்தான் கூட. குளக்கோட்டன் எண்ட பழைய ராசா செய்த திருப்பணியைப் பிறகு பறங்கி, அதாவது போர்த்துக்கீசர், பிரிப்பான் எண்டு சொல்லுறதா அதை வாசிக்கிறாங்க. எழுத்துத் தேஞ்சுபோய் இருக்கு, முழுசா வாசிக்க ஏலாது, மீன் இன்னும் தெரியும். 1620களில போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லையும் எடுத்துத்தான் கோட்டை கட்டினவங்க, அதால கோயில் கல்லு கோட்டை வாசலுக்கு வந்து நிக்குது. ஏழாம் நூற்றாண்டில சம்பந்தர் கோணமாமலையைப் பாடின தேவாரத்தை அவளுக்கு எப்பிடியும் தெரிஞ்சிருக்கும், அது இலக்கிய மூலாதாரம், இது கல்வெட்டு. பாடம் விளங்கிட்டுது.

இன்னொரு இடமும் சொல்லுறன், அதுக்குத்தான் கட்டாயம் போகோணும். பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை. அது பௌத்த விகாரை, ஆனா அங்க இருக்கிற கல்வெட்டுகள்ல கனக்க சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு, அதுக்கு இராசராசப் பெரும்பள்ளி எண்டே பேர் இருந்திருக்கு. தமிழ்ல எழுதி, பௌத்தப் பள்ளிக்கு விளக்கு எரிக்கப் பொருள் குடுத்த ஆக்கள் இந்த மண்ணில இருந்திருக்கிறாங்க. இது புத்தகத்தில இருக்கிற கதைக்குள்ளயும் லேசா அடங்காது, எங்கட வீடுகள்ல நாங்க சொல்லுற கதைக்குள்ளயும் அடங்காது. மகள் அதைப் பாத்தா, யார் எழுதினாலும் ஏதோ ஒண்டைத் தெரிஞ்செடுத்துத்தான் எழுதுறாங்க எண்டது அவளுக்குத் தானா விளங்கும்.

கேள்வி: தரப்படுத்தலாலதான் தமிழ்ப் பிள்ளையள்ட படிப்பு நாசமாப் போனது எண்டு அப்பா சொல்லுறார். மாவட்டக் கோட்டா இல்லாட்டி மூதூர்ல இருந்து ஒருத்தரும் மெடிசின் போகேலாது எண்டு எங்கட ரியூஷன் சேர் சொல்லுறார். எது உண்மை? — ஏ.எல் (உயர்தர) மாணவன், மூதூர்

பதில்: தம்பி, ரெண்டு பேரும் சொல்லுறது உண்மை, ஆனா வேற வேற வருசத்துக் கதை, அதை ஒண்டாக் குழப்பினதாலதான் இந்தச் சண்டை வீட்டுக்கு வீடு நடக்குது.

தரப்படுத்தல் எண்டு அப்பா சொல்லுறது 1971 பல்கலைக்கழக அனுமதியில நடந்தது. அப்ப மொழியைப் பாத்து வெட்டுப்புள்ளி வச்சாங்க. மெடிசினுக்கு 400க்கு தமிழ் மொழியில எழுதின பிள்ளை 250 எடுக்கோணும், சிங்களத்தில எழுதினவருக்கு 229 போதும். ஒரே வருசம் சோதினை எழுதி, கூட மார்க்ஸ் எடுத்த பிள்ளை வீட்டில இருக்க, குறைய எடுத்த பிள்ளை கெம்பஸ் போனது. 1956ல சிங்களம் மட்டும் சட்டம் வந்து அரச வேலையின்ட கதவு சாத்தினதுக்குப் பிறகு தமிழ்க் குடும்பங்களுக்கு மிச்சம் இருந்த வழி டொக்டர், இன்ஜினியர் எண்டு படிக்கிறதுதான், அதிலயும் கை வச்சவுடன அந்தத் தலைமுறைக்கு இந்த நாட்டில இருந்த நம்பிக்கை போச்சு. அப்பாவின்ட கோபத்தைக் குறைச்சு மதிப்பிடாதீங்க.

சேர் சொல்லுறது 1974ல வந்த, மாவட்டத்துக்கு மாவட்டம் இடம் ஒதுக்குற மாவட்ட முறை. யாழ்ப்பாணம், கொழும்பு மாதிரி நல்ல ஆய்வுகூடம், நல்ல வாத்திமார் இருக்கிற இடத்துக்கு அதால இடம் குறைஞ்சுது, திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் மாதிரி இடங்கள்ல இருந்த தமிழ்ப் பிள்ளையளுக்கும் முஸ்லிம் பிள்ளையளுக்கும் முதல் இல்லாத ஒரு வாசல் திறந்தது. மொழி பாத்து மார்க்ஸ் போட்டது 1970களின்ட கடைசியோட நிண்டுது, மாவட்ட முறை தங்கிட்டுது. இப்ப அநேகமான கோர்ஸுகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏத்த மாதிரி, 5 வீதம் கல்வியில பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. திருகோணமலை அந்த 16க்குள்ள இருக்கு. 2001ல இருந்து இசட் ஸ்கோர், கஷ்டமான பாடம் லேசான பாடம் எண்ட வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அது.

ஆனா ஒண்டு, கோட்டா மாவட்டத்தோட நிக்குது. டவுன்ல பெரிய பள்ளிக்கூடத்தில படிச்சு, யாழ்ப்பாணத்தில இருந்து வாற சேர்மாரிட்ட செமினார் எடுத்து எழுதுற பிள்ளையும், வெருகல்ல பௌதிகத்துக்கு வாத்தியாரே இல்லாம எழுதுற பிள்ளையும் ஒரே வரிசையிலதான் நிக்கினம். மாவட்டத்துக்கு வெளியில எங்களுக்கு நியாயம் வேணுமெண்டு கேக்கிற நாங்க மாவட்டத்துக்கு உள்ள நடக்கிறதைக் கதைக்கிறதில்லை. அப்பாவும் சேரும் அடுத்த முறை கதைக்கேக்க இதையும் எடுத்துப் போடுங்க.

கேள்வி: 2006ல சம்பூரை விட்டு வெளிக்கிட்டு முகாம் முகாமா இருந்து திரும்பி வரப் பத்து வருசம் போச்சு. மூத்தவன்ட படிப்பு அதோட முடிஞ்சுது. இளையவள் ஒன்பதாம் வகுப்பு, விஞ்ஞானத்துக்கு வாறவங்க ஒரு வருசத்தில மாறிப் போறாங்க. கொழும்புப் பிள்ளைக்கும் இவளுக்கும் ஒரே பேப்பர். இது எந்த ஊர் நியாயம்? — ஒரு அப்பா, சம்பூர்

பதில்: அண்ணா, நியாயமே இல்லை. எல்லாருக்கும் ஒரே சிலபஸ், ஒரே பேப்பர் எண்டா கேக்க நல்லா இருக்கும், ஆனா அந்த சிலபஸ் எழுதினவங்க ஒரு பிள்ளையை மனசில வச்சுத்தான் எழுதியிருக்கிறாங்க, மேசை, கரண்ட், எல்லாப் பாடத்துக்கும் வாத்தியார், நடுவில அறுபடாத பதினொரு வருசம் இருக்கிற ஒரு பிள்ளை. உங்கட மூத்தவன் அந்தப் பிள்ளை இல்லை. சுனாமியில புத்தகம் போன பிள்ளை, ரெண்டு வருசத்தில நாலு பள்ளிக்கூடம் மாறின பிள்ளை, அவங்களையும் அந்தச் சிலபஸ் காணேல்லை. சோதினையில தவறினா பிள்ளையின்ட குறை எண்டு மட்டும் றிசல்ட்ஸ் சீட்டில வருது.

இளையவளுக்குச் செய்யக்கூடியது இருக்கு. அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு பாடத்திட்டமும் தேசிய பாடசாலைகளும் கொழும்பின்ட கையில, மற்றப் பள்ளிக்கூடங்களும் வாத்திமாரை எங்க போடுறதெண்டதும் மாகாணத்தின்ட கையில. அதால விஞ்ஞான ரீச்சருக்காக நீங்க போக வேண்டிய இடம் மூதூர் வலயக் கல்வி அலுவலகமும் திருகோணமலையில இருக்கிற மாகாணக் கல்வித் திணைக்களமும்தான். தனியப் போகாதீங்க, பாடசாலை அபிவிருத்திக் குழுவால கூட்டக் குறிப்பில பதிஞ்சு, எந்தப் பாடத்துக்கு எத்தினை மாசமா ஆள் இல்லை எண்டு எழுதிக் குடுத்து, வாங்கினதுக்குக் கையெழுத்து எடுங்க. வாயால கேட்டதுக்கு ஒரு பதிவும் இருக்காது. அடுத்தது, வாற ரீச்சருக்குத் தங்க இடம் இருக்குதா எண்டு பாருங்க. டவுன்ல இருந்து பஸ் மாறி வந்து போறவங்க நிலைக்க மாட்டாங்க, ஊராக்கள் ஒரு அறை ஒழுங்கு பண்ணிக் குடுத்தா நிண்டு படிப்பிக்கிறதை நான் கண்ணால கண்டிருக்கிறன்.

மூத்தவனை முடிஞ்சுபோனது எண்டு சொல்லாதீங்க அண்ணா. மேசன், வயரிங், என்ஜின் திருத்திறது எண்டு ஏதாவது கைத்தொழில் தெரிஞ்சா, ஓ.எல் இல்லாமலே முன்கற்றலை அங்கீகரிக்கிற முறையில அவருக்கு தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கேலும், செய்துகாட்டினா போதும். பிரதேச செயலகத்தில விசாரிச்சா எங்க போகோணும் எண்டு சொல்லுவாங்க.

கேள்வி: நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. நாலாம் வகுப்பில இருந்தே பெற்றோர் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பேப்பர் மட்டும் செய்யுங்க எண்டு நெருக்குறாங்க. ஊரைப் பத்தி, சுற்றாடலைப் பத்தி ஏதாவது செய்தா "நேரம் வீணாகுது" எண்டு அதிபரிட்ட முறைப்பாடு. என்ன செய்ய? — தம்பலகாமம்

பதில்: மகள், பெற்றோரில பிழை பிடிச்சு வேலை இல்லை, அவங்கள் பயத்தில செய்யிறாங்க. கல்வி மந்திரியா இருந்த கன்னங்கராவின்ட காலத்தில, 1940களில, இலவசக் கல்வியும் மத்திய கல்லூரியளும் வந்தப்ப கிராமத்தில கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கோணும் எண்டுதான் இந்த மாதிரிப் புலமைப்பரிசில் வந்தது. இண்டைக்கு அதே சோதினை கிராமத்துப் பள்ளிக்கூடத்தைக் காலியாக்குற சோதினையா மாறிட்டுது, பாஸ் பண்ணினவங்க டவுனுக்கு, மிச்சம் இருக்கிறவங்க பத்து வயசிலயே தோத்துப்போன ஆக்கள் எண்ட நினைப்போட. எந்தப் பாடத்திட்டத்தை விடவும் சோதினைதான் வகுப்பறையை ஆளுது. அதை நீங்க தனிய மாத்தேலாது.

ஆனா உங்களுக்கு நான் சொல்லுறதை ஒருக்காச் செய்துபாருங்க. உங்கட ஊர் வயலுக்குத் தண்ணி கந்தளாய்க் குளத்தில இருந்து வருது. பிள்ளையளை வீட்டில ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்க: எங்கட வயலுக்குத் தண்ணி எந்த வாய்க்காலால வருது, துருசு திறக்கிறது யார், எப்ப திறக்கிறதெண்டு யார் தீர்மானிக்கிறது? ஒரு பிள்ளை வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையைப் பத்திச் சொல்லும், இன்னொண்டு தண்ணி முறை வராம அப்பா இரவில காவல் நிண்ட கதையைச் சொல்லும், ஏதாவது ஒரு வீட்டில தாத்தாவோ அம்மம்மாவோ 1986 ஏப்ரல்ல கந்தளாய் அணை உடைஞ்சதை நினைவு வச்சிருப்பாங்க, நூறு பேருக்கு மேல செத்தது, அந்தப் பிள்ளை அதை முதன்முதலா அண்டைக்குத்தான் கேட்டிருக்கும். அடுத்த நாள் வகுப்பில வாய்க்கால் படம் கீறுங்க. எத்தினை ஏக்கருக்கு எத்தினை நாள் தண்ணி எண்டு கணக்குப் போடுங்க. பத்து வசனம் எழுதச் சொல்லுங்க. இதில தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் மூண்டும் இருக்கு, ஆசிரியர் கைந்நூல்ல இருக்கிற தேர்ச்சி இலக்கத்தைப் பாடக்குறிப்பில எழுதிவிடுங்க, அதிபர் கேட்டா அதைக் காட்டுங்க. பிறகு அதே தண்ணிக் கணக்கைப் புலமைப்பரிசில் கேள்வி மாதிரி ரெண்டு மூண்டு ஆக்கி வீட்டுக்கு அனுப்புங்க, பெற்றோர் பாத்திட்டு அமைதியாகிடுவாங்க. சொந்த வயலைப் பத்தி எழுதின பிள்ளையின்ட வசனம், மாதிரிக் கட்டுரையைப் பாத்து எழுதின வசனத்தை விட நீளமா, பிழை கூடவா, ஆனா உயிரோட இருக்கும். பிழையைத் திருத்தலாம்.

கேள்வி: எங்கட முஸ்லிம் பிள்ளையளும் டவுன்ல தமிழ்ப் பிள்ளையளும் ஒரே மொழியில ஒரே புத்தகம் படிக்கிறாங்க, ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே ஏ.எல் முடிச்சிடுறாங்க. — ஆசிரியர், கிண்ணியா

பதில்: உண்மை சேர். 2009ல கிண்ணியாப் பாலம் திறக்க முதல் பாதையில, அதாவது வாகனம் ஏத்துற மிதவையில, ஏறித்தான் இக்கரைக்கு வரோணும், அப்ப தூரத்தைக் காரணம் சொல்லலாம், இப்ப அதுவும் இல்லை. இந்த நாட்டில பள்ளிக்கூடம் மொழியால ஒருக்காப் பிரியுது, பிறகு சமயத்தால இன்னொருக்கா, சமயம் கட்டாயப் பாடமா இருக்கிறதால ஒரே கூரைக்குள்ள இருக்கிற பிள்ளையள் கூட அந்தப் பாடவேளையில பிரிஞ்சு போறாங்க. 2008ல சமூக ஒருமைப்பாடு, சமாதானக் கல்வி எண்டு அமைச்சு ஒரு கொள்கையே எழுதினது. பிறகு பள்ளிக்கூடங்கள்ல நடந்தது அநேகமா ஒரு நாள் நிகழ்ச்சி, ஒரு டான்ஸ், ஒரு குறூப் போட்டோ. அதில பிள்ளையளுக்கு ஒருத்தற்ற பேரும் ஞாபகம் இருக்காது. சேந்து ஒரு வேலை செய்யோணும். உங்கட பள்ளிக்கூடத்தில கெமிஸ்ட்ரி சேர் நல்லம், பக்கத்தில மெத்ஸ் நல்லம் எண்டா சனிக்கிழமை ஏ.எல் வகுப்பைச் சேத்து நடத்துங்க, ஒரு தவணை முழுக்க. ஒரே பாஸ்ட் பேப்பரோட மல்லுக்கட்டின ரெண்டு பிள்ளையள் பிறகு போன் நம்பரும் மாத்திக்கொள்ளுவாங்க.

கேள்வி: இரண்டாம் மொழி எண்டு சிங்களத்தைத் திணிக்கிறாங்களே, பிள்ளை ஏன் படிக்கோணும்? — கந்தளாய்

பதில்: 1956 தந்த காயம் எனக்கும் தெரியும் ஐயா, எங்கட வீட்டிலயும் அதால வேலையை விட்ட ஆக்கள் இருந்தவங்க. ஆனா கந்தளாயில இருந்துகொண்டு சந்தையிலயும் ஆஸ்பத்திரியிலயும் பக்கத்து ஆளோட கதைக்கத் தெரியாம பிள்ளையை வளக்கிறது அந்தக் காயத்துக்கு மருந்தில்லை. ஆறாம் வகுப்பில இருந்து ஒன்பது வரை பாடம் இருக்கு, படிக்கட்டும். நீங்க சத்தம் போட வேண்டியது வேற இடத்தில: அதே மாதிரி சிங்களப் பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்க ரீச்சர்மார் இருக்கிறாங்களா? தமிழ் 1987ல இருந்து அரச மொழி. அதைக் கேளுங்க, எழுத்தில கேளுங்க.

கேள்வி: ஓ.எல்ல கணிதம், விஞ்ஞானம் நல்ல றிசல்ட்ஸ். டெக்னொலொஜி எடுக்க விருப்பம். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஆர்ட்ஸ் போதும், ரீச்சராகலாம்" எண்டு வீட்டில சொல்லுறாங்க. — மாணவி, நிலாவெளி

பதில்: மகள், எந்தப் பிரிவு உங்களுக்கு எண்டு புத்தகத்தில எழுதியில்லை, அதை வீடும் ஊரும்தான் எழுதுது. ரீச்சர் வேலை நல்ல வேலை, ஆனா அது உங்கட விருப்பமா இருக்கோணும். தொழினுட்பப் பிரிவு 2013ல வந்தது, பொறியியல் தொழினுட்பவியல் இல்லாட்டி உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோட தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம், மூண்டாவதா ஐசிடி மாதிரி ஒண்டு. தமிழ் மொழியில ஏ.எல் படிச்சுப் பட்டப்படிப்புக்குப் போகலாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ட தொழினுட்ப பீடம் கிளிநொச்சியில இருக்கு. ஆனா எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இந்தப் பிரிவு இல்லை. அதால விண்ணப்பம் போட முதல் கிட்ட எங்க இருக்கு, வேலைத்தளம் ஓடுதா, ஆசிரியர் இருக்கிறாங்களா, பஸ் எத்தினை மணிக்கு எண்டு விசாரிங்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்க. வீட்டில வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு அநேகமா அந்தப் பஸ்தான் காரணம், பாடம் இல்லை.